குட்டி முயலுக்குச் சட்டை போட்டது குற்றமா?

தலையில் பூவளையம் சூடிய மான்குட்டி, கழுத்தில் மஃப்ளர் சுற்றிய நரிக்குட்டி, தும்பிக்கையில் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யானைக்குட்டி. இந்த மாதிரி அச்சுப்படங்கள் இன்று எத்தனையோ நாடுகளில் குழந்தைகள் அறைச் சுவர்களில் தொங்குகின்றன. கலையைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இவற்றைக் கலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விலங்குக்கு மனித வேஷம் போட்டு அதன் இயல்பை மறைப்பவை, பார்ப்பவர் மனத்தை இளக்கி யோசிக்கவிடாமல் செய்பவை, விற்பனைக்காகவே பிறந்தவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உறுமும் புலியை வரைந்தால் அது ஓவியம். தன் வாலைத் தானே துரத்தும் புலிக்குட்டியை வரைந்தால் அது குழந்தைச் சமாசாரம். படித்தவர்கள் மத்தியில் இது விவாதத்துக்கே வராத முடிவாகிவிட்டது. இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். குட்டி விலங்கைக் குறும்பு தொனிக்க வரைவது, ஒழுங்காகச் செய்யப்படும்போது, விலங்கை உற்றுப் பார்க்கும் வேலைகளிலேயே மிகக் கடினமான ஒன்று. மோசமான குட்டிப் படங்கள் நிறைய இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அவை மோசமானதற்குக் காரணம் அவற்றில் உள்ள கனிவு அல்ல. வரைந்தவர் விலங்கைப் பார்க்கவில்லை என்பதுதான்.

இந்த வகைப் படத்துக்கே தாயகம் என்று சொல்லத்தக்க இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நீலச் சட்டை போட்ட முயல்குட்டி பீட்டரை வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866இல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கு அனுப்பப்படவில்லை, ஆசிரியைகள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் தம்பி பெர்ட்ராமும் முயல், சுண்டெலி, முள்ளெலி, வௌவால், தவளை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீட்டில் வளர்த்தார்கள். செத்துப்போனவற்றைத் தோலுரித்தார்கள், வேகவைத்து எலும்பைப் பிரித்தெடுத்தார்கள், அந்த எலும்புகளைப் பார்த்து வரைந்தார்கள். பீட்டருக்கு மாதிரியாக இருந்த முயலை லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து வாங்கினார். அதற்கு முன்பு வளர்த்த பெஞ்சமின் என்ற முயலைப் பார்த்து வரைந்த படங்களை 1890இல் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம் 6 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. காளான்களை நுண்ணோக்கியில் பார்த்து அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் எவ்வளவு துல்லியமானவை என்றால், அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 1967இல் பிரிட்டனில் வந்த ஒரு காளான் கையேட்டில் அவற்றில் 59 படங்கள் சேர்க்கப்பட்டன. முயல்குட்டிக்குச் சட்டை போட்டது இந்தக் கை. உடுப்பு போடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் உடம்பை எலும்பு வரைக்கும் தெரிந்துகொண்ட கை.

அந்தச் சட்டை என்ன வேலை செய்கிறது என்பதைப் படங்களை அருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தோட்டத்தில் மாட்டிக்கொண்ட பீட்டர் பூட்டிய கதவின் ஓரம் நின்று அழும் படம் ஒன்று உண்டு. ஒரு பாதம் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கிறது, முன்னங்கால் வாயருகே போயிருக்கிறது. நிற்கிற தோரணை ஒரு சிறு பிள்ளையினுடையது. ஆனால் அந்தப் பின்னங்கால் முயலின் நீண்ட பின்னங்கால். தொடைச் சதை எங்கே திரள வேண்டுமோ அங்கேதான் திரண்டிருக்கிறது. காது முளைக்கும் இடம், கண் பக்கவாட்டில் அமைந்த விதம், எதிலும் ஓவியர் விட்டுக்கொடுக்கவில்லை. கதையின் போக்கைக் கவனியுங்கள். தோட்டக்காரர் துரத்தும்போது பீட்டர் முதலில் காலணிகளைத் தொலைக்கிறான். தொலைத்ததும் நான்கு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. பிறகு சட்டையின் பெரிய பித்தான்கள் நெல்லிச் செடி மேல் போட்டிருந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உயிர் தப்புகிறான். மனித உடுப்பு இருக்கும்வரை ஆபத்து, முயலாகத் திரும்பியதும் பிழைப்பு. விலங்குக்கு மனித வேஷம் போட்டு அதன் இயல்பை மறைக்கும் படம் என்று இதைச் சொல்வது எப்படி? வேஷத்தைப் போட்டு, அந்த வேஷம் விலங்குக்குப் பொருந்தாது என்பதையே கதையாக்கியிருக்கிறார். 1907இல் வந்த டாம் பூனைக்குட்டியின் கதையிலும் இதுதான் நடக்கிறது. விருந்தாளிகளுக்காகத் தாய்ப்பூனை இறுக்கமான உடுப்பை மாட்டிவிடுகிறது, பித்தான்கள் தெறிக்கின்றன, குட்டிகள் உடுப்பை எல்லாம் தொலைத்துவிட்டுப் பூனைகளாகவே நிற்கின்றன.

கனிவு என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீட்டரின் அப்பா தோட்டக்காரர் வீட்டில் ‘பை’ என்ற இறைச்சிப் பண்டமாக வெந்து தட்டில் விழுந்தவர் என்பது கதை தொடங்கியவுடனேயே சொல்லப்பட்டுவிடுகிறது. 1908இல் வந்த ஜெமிமா வாத்தின் கதையில் நரியிடமிருந்து வாத்தைக் காப்பாற்ற வேட்டைநாய்க் குட்டிகள் வருகின்றன. வந்த குட்டிகளே அவள் அடைகாத்த முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. நாய்க்குட்டி அப்படித்தான் செய்யும். அதை மழுப்பவில்லை. கெனத் கிரகாம் எழுதிய கதையில் தேரை தலைவாரிக்கொள்வது பாட்டருக்குப் பிடிக்கவில்லை. தவளைக்குக் காலணி மாட்டலாம், தேரைக்குத் தாடியும் பொய்முடியும் வைப்பது இயற்கைக்கு முரண் என்ற கருத்தைக் கடிதத்தில் எழுதிவைத்தார். சில்லறை விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வகை ஓவியத்தின் இலக்கணமே இதற்குள் இருக்கிறது. உடுப்பு கழற்றக்கூடியது, அதனால் உடம்பின் உண்மைக்குப் பங்கம் வராது. முடியில்லாத தோலில் முடியை முளைக்கவைத்தால் உடம்பே பொய்யாகிவிடும். கற்பனைக்கு எது வரை இடம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக வைத்துக்கொண்டு வேலை செய்த ஓவியர்கள் ‘தீவிரக் கலை’ என்ற பக்கத்திலும் குறைவுதான்.

குறும்பு என்பது ஓவியர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் அலங்காரம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். பாலூட்டிக் குட்டிகள் விளையாடும். விளையாட்டுதான் அவற்றின் முழுநேர வேலை. யானைக்குட்டியை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போதே சுமார் 100 கிலோ எடை. அப்படி இருந்தும் தன் தும்பிக்கையை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. பால் குடிப்பது வாயால்தான், தும்பிக்கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு. தண்ணீரைத் தும்பிக்கையில் உறிஞ்சி வாயில் விடும் வித்தை கைவர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை முன்னங்காலை மடித்துக் குனிந்து வாயை நீரில் வைத்துக் குடிக்கும். நடக்கும்போது தன் தும்பிக்கையைத் தானே மிதித்துத் தடுமாறும். சில நேரம் அதை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கும். சந்தையில் மலிந்துகிடக்கும் அச்சுப்படங்களில் யானைக்குட்டி தும்பிக்கையை உயர்த்தி நீரைப் பீய்ச்சியடிக்கிறது. அது வளர்ந்த யானையின் திறமை, குட்டியின் உடம்பில் ஒட்டப்பட்டது. குட்டி உண்மையில் செய்வது அதைவிடப் பல மடங்கு வேடிக்கையானது. பார்த்து வரைந்தவருக்குக் குறும்பு தானாகக் கிடைக்கிறது; பார்க்காதவர்தான் பலூனைத் தேடிப் போகிறார். டிஸ்னி ஸ்டுடியோவில் ‘பாம்பி’ படத்துக்காக மேய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை வரவழைத்து வளர்த்து, ரிகோ லெப்ரன் என்ற ஓவியரைக் கொண்டு வரைகலைஞர்களுக்கு மானின் உடற்கூறு கற்பித்தார்கள். 1942இல் வெளிவந்த அந்தப் படத்தில் பனிக்கட்டி மேல் நான்கு காலும் நான்கு திசையில் விரியும் குட்டியைப் பார்த்து உலகம் சிரித்ததற்குப் பின்னால் அந்தப் படிப்பு இருக்கிறது.

எதிர்த்தரப்பு உயர்த்திப் பிடிக்கும் ‘கம்பீரமான’ விலங்கோவியத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். எட்வின் லேண்ட்ஸீர் 1851இல் காட்சிக்கு வைத்த ‘பள்ளத்தாக்கின் மன்னன்’ என்ற கலைமான் ஓவியம் பிரிட்டிஷ் பாராளுமன்ற மேலவையின் சிற்றுண்டி அறைகளுக்காகத் திட்டமிடப்பட்டது. பின்னால் சோப்பு விளம்பரத்துக்கும் விஸ்கி விளம்பரத்துக்கும் போனது. 2017இல் ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்கள் 40 லட்சம் பவுண்டு கொடுத்து அதைப் பொதுச் சொத்தாக்கின. திறமையான ஓவியம், சந்தேகமில்லை. ஆனால் மானை மன்னன் என்றால் அது மனித வேஷம் இல்லையா? தலையை நிமிர்த்தி, தன் ராஜ்ஜியத்தை நோக்குகிற பாவனையில் மலைமுகட்டில் நிற்கவைத்திருக்கிறார். அந்தக் கலைமானுக்கு ராஜ்ஜியம் கிடையாது. மேய்ச்சலும் பெட்டைகளும் குளிரும் உண்டு. பீட்டரின் சட்டையையாவது கழற்றலாம், இந்த மானின் கிரீடத்தைக் கழற்ற முடியாது. மனித அதிகாரத்தை விலங்கின் மேல் ஏற்றினால் அது கம்பீரம், மனிதக் குழந்தைமையை ஏற்றினால் அது அசட்டுத்தனம் என்ற பாகுபாடு எங்கிருந்து வந்தது?

அதற்கு வரலாறு உண்டு. 1667இல் பிரெஞ்சு ஓவியக் கழகத்துக்காக ஆந்த்ரே ஃபெலிபியான் ஓவிய வகைகளைப் படிநிலையாக அடுக்கினார். சரித்திரமும் புராணமும் உச்சியில். விலங்குகளும் காய்கனிகளும் மனித உருவங்களுக்குக் கீழே. கீழே இருந்த விலங்குகளுக்குள்ளும் குதிரை, சிங்கம், வேட்டைநாய் எல்லாம் ஆண்களின் போர், வேட்டை, அரசு என்பவற்றோடு ஒட்டிக்கொண்டு மேலேறின. குட்டிகள் வீட்டுக்குள், பெண்களோடும் பிள்ளைகளோடும் தங்கிவிட்டன. பாட்டரின் வாழ்க்கையிலேயே இந்தச் சுவர் தெரிகிறது. காளான் வித்துகள் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனபோது, பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் கியூ தோட்டத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸி அவர் சார்பில் அதை அளித்தார். சரியாக 100 ஆண்டு கழித்து, 1997இல், அந்தச் சங்கம் அவர் நடத்தப்பட்ட விதத்துக்கு வருத்தம் தெரிவித்தது. அறிவியல் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர் முயல்குட்டிக் கதையை நூலாக்கினார். அந்தக் கதை, 1893 செப்டம்பர் 4ஆம் தேதி, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயது நோயல் மூருக்கு அவர் எழுதிய படக் கடிதத்தில் பிறந்தது. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்ப, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சிட்டார். 1902இல் ஃபிரடெரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட்டது. பெண் வரைந்தது, குழந்தைக்கு வரைந்தது, குட்டியை வரைந்தது என்ற மூன்றும் சேர்ந்துதான் இந்த வகை ஓவியத்தைக் கீழே தள்ளின. படத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அல்ல அது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். பெரிய தலை, முகத்தில் தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால் என்ற அமைப்பைக் கண்டாலே நமக்குள் பராமரிக்கும் உந்துதல் கிளம்புகிறது என்று ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். அப்படியானால் குட்டிப் படம் நம் உடலில் ஏற்கெனவே உள்ள ஒரு விசையை அழுத்துகிறது, அவ்வளவே. அதில் கலைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். உந்துதல் உண்மை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கலைதான் உடலில் இருக்கும் விசைகளை விட்டுவிட்டு இயங்குகிறது? சோகப் பாட்டின் இழையும் குரலும் உடலைத்தான் பிடிக்கிறது, உருவப்பட ஓவியத்தில் நம்மை நேராகப் பார்க்கும் கண்ணும் அப்படித்தான். மேலும், அந்த உந்துதல் அறிவை மழுங்கடிக்கிறது என்ற முடிவுக்குச் சான்று இல்லை. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோவும் உடன் பணியாற்றியோரும் செய்து 2012இல் வெளியிட்ட சோதனைகளில், நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்த மாணவர்கள் அதன்பின் இடுக்கியால் சிறு துண்டுகளை எடுக்கும் நுணுக்கமான வேலையை முன்னைவிட நிதானமாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். வளர்ந்த நாய் பூனைப் படங்களுக்கு அந்த விளைவு இல்லை. மாணவர்களை வைத்துச் செய்த சிறிய சோதனைதான், அதன் மேல் கோட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் இளகிய மனம் கவனமற்ற மனம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 1902 நவம்பரில் மிசிசிப்பியில் நடந்த வேட்டையில், நாய்கள் துரத்தி அடித்துக் களைத்த வளர்ந்த கரடி ஒன்றை மரத்தில் கட்டி, அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சுடச் சொன்னார்கள். கட்டிப்போட்ட விலங்கைச் சுட மாட்டேன் என்றார் அவர். ஆனால் அதன் வேதனையை முடிக்கச் சொன்னதால் கரடி கத்தியால் கொல்லப்பட்டது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ கேலிச்சித்திரக்காரர் கிளிஃபர்ட் பெரிமன் இதை வரைந்தார். பிறகு அவரே திரும்பத் திரும்ப வரைந்தபோது கரடி சிறுத்து, உருண்டைக் காதும் மிரண்ட கண்ணும் கொண்ட குட்டியானது. அதிலிருந்துதான் டெடி பேர் பொம்மை வந்தது. கொல்லப்பட்ட கரடி ஒரு குட்டியின் முகத்துக்குப் பின்னால் காணாமல் போனது. இது பொய்தான், பூசி மெழுக மாட்டேன். அந்தப் பொய் எப்படி உண்டாயிற்று என்று பாருங்கள். வரைந்தவர் அந்தக் காட்டில் இல்லை, அந்தக் கரடியைப் பார்க்கவில்லை. அரசியல் தலைவரின் பெருந்தன்மையைக் காட்டுவதுதான் படத்தின் நோக்கம், கரடி அதற்கு ஒரு சாக்கு. முயலை வளர்த்து, முட்டை தின்னும் நாய்க்குட்டியை மறைக்காமல் சொன்ன ஓவியரையும் இவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

குட்டிப் படங்கள் நம் பரிவை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன என்பதும் உண்மைதான். வெள்ளை மயிர் போர்த்திய ஹார்ப் கடல்நாய்க் குட்டிகளின் முகம் 1983இல் ஐரோப்பியச் சமூகத்தை அவற்றின் தோல் இறக்குமதியைத் தடை செய்ய வைத்தது. 1987இல் கனடா அந்தக் குட்டிகளின் வணிக வேட்டையை நிறுத்தியது. அந்தக் குட்டிகளை வேட்டையாடாத இனூயிட் மக்களின் கடல்நாய்த் தோல் சந்தையும், சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு இருந்தும், கூடவே சரிந்தது. அந்தக் குடும்பங்களின் இழப்பை எந்த அழகிய முகமும் ஈடுசெய்யாது. ஆனால் இந்தக் கதையில் வேலை செய்தவை பெரும்பாலும் பிரசாரப் புகைப்படங்கள். இதற்கு மருந்து கனிவைக் குறைப்பதல்ல, அதை முகவெட்டு இல்லாத உயிர்களுக்கும் விரிப்பது. அதைத்தான் நல்ல குறும்போவியம் செய்கிறது. முள்ளெலி, தவளை, சுண்டெலி, பெருச்சாளி என்று யாரும் மடியில் வைத்துக் கொஞ்சாத பிராணிகளைப் பாட்டர் கதாபாத்திரங்களாக்கினார். அந்தப் புத்தகங்களில் வந்த பணத்தைக் கொண்டு 1905இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கியவர், 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேலான நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். கறுப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும் ஹெர்ட்விக் ஆடுகளை வளர்த்து, கண்காட்சிகளில் பரிசு வாங்கிய பண்ணைக்காரர் அவர். ஆட்டுக்குட்டி எங்கே போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

குட்டிப் படம் சந்தை உண்டாக்கிய நவீன மோகம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 16ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் அரச குலத்தவரான யி ஆம் நாய்க்குட்டிகளை வரைந்தார். 18ஆம் நூற்றாண்டு கியோட்டோவில் நேரில் பார்த்து வரைவதையே கொள்கையாக்கிய மருயாமா ஓக்கியோவின் நாய்க்குட்டிகள் புகழ்பெற்றவை. அவர் மாணவர் நாகசவா ரோசெட்சு அவற்றை இன்னும் குறும்பாக்கினார். நம் மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பெரும்பாறையில் யானைகளின் கால்மாட்டில் குட்டிகளை ஒதுங்க வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும். அதைப் பார்த்து யாரும் குழந்தை அறைக்கு ஏற்றது என்று ஒதுக்கியதில்லை. அச்சுப்படம் என்பதாலேயே மதிப்புக் குறைவு என்பதும் நிற்காது. ஜெர்மன் ஓவியர் டூரர் 1502இல் வரைந்த இளம் முயல், வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் வியன்னாவின் ஆல்பர்ட்டினாவில் அபூர்வமாகத்தான் காட்சிக்கு வருகிறது. அந்த முயலின் கண்ணில் ஜன்னல் பிரதிபலிப்பதை உலகம் அறிந்ததே அச்சுப் பிரதிகள் வழியாகத்தான்.

கடைசியாக ஒன்று. இன்று கடைகளில் குவிந்திருக்கும் குட்டிப் படங்களில் பெரும்பகுதி நன்றாக இல்லை என்றால், அதில் விமர்சகர்களுக்கும் பங்கு உண்டு. புத்தக மதிப்புரையில் ஒரு நாவலின் தவறான வட்டாரச் சொல்லைச் சுட்டிக்காட்டுகிறவர்கள், யானைக்குட்டியின் முழங்கால் நாயைப் போல மடங்கியிருப்பதைச் சொல்வதில்லை, பார்ப்பதும் இல்லை. கலையே அல்ல என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட இடத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே விலைக்கு விற்கும். பார்த்து வரைகிறவருக்குப் பார்க்காமல் வரைகிறவரைவிட எந்த ஆதாயமும் இருக்காது. ஆனால் பல குழந்தைகளுக்கு மான்குட்டியோடு முதல் அறிமுகம் சுவரில் மாட்டிய படத்தின் வழியாகத்தான். தாய் மேயப் போனபின் புள்ளித்தோலோடு புல்லில் அசையாமல் படுத்திருப்பதுதான் மான்குட்டியின் தற்காப்பு. அநாதை என்று நினைத்து மனிதர்கள் அதைத் தூக்கிச் செல்வதால் அமெரிக்க வனவிலங்குத் துறைகள் வசந்தம்தோறும் தொடாதீர்கள் என்று அறிவிக்க வேண்டியிருக்கிறது. காதில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்தும் காதை அசைக்காமல் புல்லோடு புல்லாகக் கிடக்கும் குட்டியை ஓர் ஓவியர் வரைந்தால், அதில் கனிவும் இருக்கும், குறும்பும் இருக்கும், அந்த அறிவிப்பு சொல்வதும் இருக்கும். அப்படிப்பட்ட படத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதும், பூவளையம் மட்டும் சூட்டி அனுப்பிய படத்தை ஏன் நிராகரிக்கிறோம் என்று காரணத்தோடு எழுதுவதும் விமர்சகர்கள் இத்தனை காலம் தள்ளிப்போட்ட வேலை. அதை இனியாவது தொடங்கட்டும்.